வலது கால் பெருவிரல்

ஆகஸ்ட் 18, திங்கள்

மெஷினில் மூன்று மணி நேரம். எழுந்திருக்கும்போது கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். இடுப்பில் பெரிதாக வலி இல்லை, ஒரு பிடிப்பு மட்டும். வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக, கெண்டைக்கால் ஓரமாக, பாதத்தின் மேல்புறம் வரை ஒரே குடைச்சல். பாவாடைக்கு நாடா கோத்து இரண்டு பக்கமும் சுண்டி இழுப்பதுபோல் இருக்கிறது.

ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் பதினோரு பிளவுஸ் பாக்கி.

ஆகஸ்ட் 20

தூக்கமில்லை. இடது பக்கம் சாய்ந்து, முழங்கால் நடுவில் தலையணை. இரண்டு மணிக்கு மேல் அதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நரம்பு மாத்திரை தலையைக் கிறக்குகிறது. இன்று ஒரு பட்டு பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. ஒட்டுப்போட்டுச் சரிசெய்யவும் துணி போதாது. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அத்தை கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "முதுகுல கத்தி மட்டும் வச்சுறாதத்தா. என் தம்பி அப்படித்தான் படுத்தான், எந்திரிக்கவே இல்ல." எத்தனை வருடம் ஆச்சு என்று கேட்டேன். முப்பது இருக்கும் என்றார்.

எங்கள் தெருவில் கண்டக்டர் அண்ணனுக்கும் இதே கால் குடைச்சல்தான். இரண்டு வருடம் முன்பு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வை எடுத்தார்கள். இன்று அதிகாலை பஸ்ஸில் ஏறி வேலை பார்க்கிறார். பின்தெருவில் முதுகில் ஸ்க்ரூ போட்டுக்கொண்ட அக்கா சுவரைப் பிடித்துத்தான் வாசலுக்கு வருகிறார். இரண்டு பேரையும் மாறி மாறி நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டிப் போட்டுக்கொண்டேன். மெட்டியை நர்ஸ் கழற்றினார். இடது காலில் இழுத்தபோது தெரிந்தது. வலது காலில் "எடுத்துட்டேன்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். விரல் வெறுமையாக இருந்தது.

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தொட்டால் தெரியவில்லை. எப்போதிலிருந்து என்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

முதல் டாக்டர். படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மற்ற ஜவ்வெல்லாம் நடுவில் வெளுப்பாக இருக்கிறது, அதில் இன்னும் நீர் இருக்கிறதாம். இடுப்பில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புக்கு நடுவில் உள்ளது மட்டும் கருத்துப் போய், பின்பக்கம் வலது ஓரமாகப் பிதுங்கி நிற்கிறது. அது அழுத்துவது எல்5 நரம்பை.

"படத்துக்கு நாங்க ஆபரேஷன் பண்றதில்லம்மா. வலியே இல்லாத ஆளுக்கு எடுத்தாலும் இந்த மாதிரி ஜவ்வு தெரியும்" என்றார். பிதுங்கிய ஜவ்வு பல பேருக்குத் தானாகச் சுருங்கிவிடுமாம். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினார். கொஞ்சம் உயர்த்தியதுமே கத்திவிட்டேன். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதைத் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். பலத்துக்கு மார்க் போடுவதுபோல், இடதுக்கு ஐந்துக்கு ஐந்து, வலதுக்கு நாலு பிளஸ் என்று எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் மாத்திரை, பயிற்சி, நடை. குனியாதே, பாரம் தூக்காதே. சிறுநீர் போவது கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ நள்ளிரவானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும்.

அந்தக் கடைசி வரியை வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். இன்று இரவு மூன்று தடவை எழுந்து போனேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

இரண்டாவது டாக்டர். அவர் வலது காலைத் தொடவே இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு எலும்பையும் சேர்த்து ஸ்க்ரூ போட்டுவிடலாம் என்றார். ஜவ்வை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். திரும்ப வரும், எதற்கு இரண்டு தடவை என்றார். நாலு நிமிடம் இருக்கும்.

இரண்டு பேரும் படித்தவர்கள்தான், பார்த்ததும் ஒரே படம்தான். ஒருவர் காத்திரு என்கிறார், இன்னொருவர் கம்பி போடு என்கிறார். நான் எட்டாவதோடு நின்றவள். நடுவில் என்னை நிறுத்தி முடிவு எடு என்றால் எப்படி எடுப்பேன்?

செப்டம்பர் 4

இன்று யாரோடும் பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மகள் பார்மசி படிக்கிறாள். நேற்று இரவு முழுக்கத் தேடி, இன்று எனக்கு வாசித்துக் காட்டினாள். 2007இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரமாகக் கடுமையான கால் வலியில் இருந்த 283 பேர். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதியைப் பொறுத்திருக்கச் சொல்லி, முடியவில்லை என்றால் ஆபரேஷன். செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாக விட்டிருக்கிறது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்புறம் அவள் அடுத்த வரியையும் வாசித்தாள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். அத்தோடு, காலைத் தூக்கவே பலம் இல்லாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லையாம்.

எனக்கு ஆறு வாரக் கணக்கு இல்லை. சித்திரைத் திருவிழாவில் ஆற்றங்கரையில் விடிய விடிய நின்றதிலிருந்து இருக்கிறது. நாலு மாதம்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் இருபது நிமிடம் நடந்தேன். வலி பாதி இல்லை! நின்றுகொண்டே வெட்டுவதற்காகக் கட்டிங் மேசைக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தவர், இதைச் செய்துவிட்டுப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாச்சி ஞாபகம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார், துணியை முழங்காலில் போட்டுக் குனிந்தபடி நாள் முழுக்க. ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். "காலுக்கு வாயு இறங்கிருச்சு" என்று சொல்லிக்கொள்வார், வேப்பெண்ணெய் தேய்த்துக்கொள்வார். முதுகு ஜவ்வு பிதுங்கினால் காலில் வலிக்கும் என்று பாஸ்டனில் இரண்டு டாக்டர்கள் 1934லேயே எழுதிவிட்டார்களாம், மகள் சொன்னாள். அது எங்கள் தெருவுக்கு வந்துசேரவில்லை. அவர் காலை ஒருநாளும் யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 15

மூன்று நாளாக மாத்திரை போடவில்லை. முருகா, இப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் 20

புரட்டாசி முதல் சனி. தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போனேன். திரும்பும்போது வலது செருப்பு கழன்று கழன்று போனது. செருப்பு பழசு.

செப்டம்பர் 23, செவ்வாய்

செருப்பு இல்லை.

இன்று ஒரு சதுரக் கழுத்து பிளவுஸ். மூலையில் ஊசியை நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். கண் மூடிச் செய்யும் வேலை. இன்று ஊசி மூலையில் நிற்கவில்லை, இரண்டு தையல் தாண்டி ஓடியது. பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி தாண்டியது. மோட்டார்தான் கோளாறு என்று இடது காலை வைத்துப் பார்த்தேன். அப்போது சரியாக நின்றது.

வலது காலால் பெடலை அழுத்த முடிகிறது. எடு என்று நினைத்தால் எடுபட நேரம் ஆகிறது. குனிந்து பெடலையே பார்த்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். பாதம் பெடலோடு ஒட்டிக்கொண்டதுபோல் கிடந்து, அப்புறம் மெதுவாகக் கிளம்பியது.

வலி இல்லாத பத்து நாளும் நல்ல நாள் என்று இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

முதல் டாக்டர் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நரம்பு அறுவை சிகிச்சை டாக்டரம்மா குதிகாலில் நடந்து காட்டச் சொன்னார். இடது கால் முன்பக்கம் தூக்கி நின்றது. வலது கால் இரண்டாவது அடியிலேயே தரையில் படிந்துவிட்டது. பெருவிரலை அழுத்திப் பார்த்தார். ஐந்துக்கு மூன்று.

"வலி குறைஞ்சா நல்லதுதான்மா. பலமும் சேர்ந்து குறைஞ்சா அது வேற கதை. வலிக்கு மட்டும்னா இன்னும் ஆறு மாசம்கூடப் பார்க்கலாம்னு சொல்வேன். நரம்பு அவ்வளவு நாள் தாங்காது."

ஸ்க்ரூ வேண்டுமா என்று கேட்டேன். எலும்பு நகரவில்லை, தேவையில்லை என்றார். ஓர் அங்குலம் கீறி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது. நூறில் ஐந்து முதல் பத்து பேருக்கு அதே இடத்தில் திரும்பப் பிதுங்கலாம். இடுப்புப் பிடிப்பு போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், கால் குடைச்சல் பெரும்பாலும் போகும் என்றார். பெருவிரல்? "வரும்னு நினைக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது."

நினைக்கிறேன் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கட்டாயம் வரும் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

தீபாவளி அக்டோபர் 20. கையில் நாற்பத்து மூன்று பிளவுஸ், ஒன்பது சுடிதார். வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் மகளின் பீஸைக் கட்டுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆபரேஷன் செலவுக்குப் பயமில்லை. அதற்கப்புறம் ஆறு வாரம் மெஷினில் உட்காராமல் இருப்பதற்கு எந்த அட்டையும் இல்லை.

தீபாவளி முடிந்து 22ஆம் தேதி போனால் என்ன? இருபத்தாறு நாள். இந்த நாலு வாரத்தில் நாலு பிளஸ் மூன்றாகியிருக்கிறது. இருபத்தாறு நாளில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். இன்று காலை நன்றாகத் தூக்கியதுபோல் இருந்தது. மகளை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்படியேதாம்மா இருக்கு" என்றாள்.

அத்தை மறுபடி தம்பி கதையைத் தொடங்கினார். நான் முதல் தடவையாகக் குரலை உயர்த்திவிட்டேன். பாவம், பயத்தில்தான் சொல்கிறார். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 27

கேட்டேன். என் வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நீவிவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். கத்தரிக்கோல், இஞ்ச் டேப், பாபின் டப்பா எல்லாவற்றுக்கும் பொட்டு. கீழே பெடலுக்கு வைக்கக் குனிய முடியவில்லை. அவர் குனிந்து வைத்தார். எழுந்தவர், "தீபாவளி வருசா வருசம் வரும்" என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

போன் செய்துவிட்டேன். திங்கள் காலை படுக்கை, புதன் ஆபரேஷன்.

அக்டோபர் 5, ஞாயிறு

முப்பத்தொரு பிளவுஸை வில்லாபுரத்தில் இருக்கும் தோழியிடம் கொடுத்தாயிற்று. என்னிடம் வேலை கற்றுப் போனவள். பணம் பாதிப் பாதி என்றேன். "அதெல்லாம் அப்புறம் பேசலாங்கா" என்று துணி மூட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். அளவு பிளவுஸ்களையும் அளவு நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நோட்டு கடையை விட்டு வெளியே போனதில்லை.

பையில் இரண்டு நைட்டி, துண்டு, எம்.ஆர்.ஐ. படம், காப்பீட்டு அட்டை, ஆதார். மெட்டியைக் கழற்றியாயிற்று.

நோட்டில் 63ஆம் பக்கம், போஸ்ட் ஆபீஸ் அக்கா. பின்கழுத்து ஏழு என்று எழுதியிருக்கும். போன வருடமே ஆறரை போதும் என்று சொன்னார், நான் திருத்தவில்லை. காலையில் கிளம்பும் முன் தோழிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.