லித்தியம் தொடங்கியதிலிருந்து ரத்தத்தில் அதன் அளவு நிலைக்கும் வரை

மிதமிஞ்சிய எழுச்சிக்கும் (மேனியா) மனச்சோர்வுக்கும் மனநிலை மாறிமாறிப் போகும் பைபோலார் நோய்க்கு லித்தியம் என்று டாக்டர் முடிவு செய்ததும் மாத்திரைக்கு முன்பே டெஸ்ட் சீட்டு வரும். கிட்னிக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்எச், சோடியம், கால்சியம், வயதானவர்களுக்கு ஈசிஜி. குழந்தை பெறும் வயதுள்ள பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. செலவைப் பார்த்து எதையும் தள்ளிப்போட வேண்டாம். லித்தியம் கல்லீரலில் சிதையாது, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறும். கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் டோஸை முடிவு செய்ய முடியாது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்துகள் நரம்பணுக்களுக்கு இடையே வெளிவந்த செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. பைபோலார் நோயில் அவற்றைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறி மேனியா ஆகிவிடும். லித்தியம் வேலை செய்வது செல்லுக்குள். செல்லுக்குள் செய்தி கடத்தும் இனோசிட்டால் சுழற்சியிலும் ஜிஎஸ்கே-3 என்ற நொதியிலும் அது கைவைக்கிறது. அதனால் பலன் மெதுவாகத்தான் தெரியும். மேனியா அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை தூக்கத்துக்கும் பரபரப்புக்கும் வேறு மருந்து கூடவே ஓடும். இந்த நாட்களில் "மாத்திரை வேலை செய்யல" என்று வீட்டார் டோஸைக் கூட்டிவிடக் கூடாது.

தொடங்கியோ டோஸ் மாற்றியோ 5 முதல் 7 நாள் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவு பார்ப்பார்கள். இங்கேதான் அதிகம் சொதப்புகிறது. கடைசி மாத்திரைக்கும் ஊசி குத்துவதற்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம், காலை மாத்திரை இருந்தால் அது ரத்தம் கொடுத்த பிறகு. லேபுக்குக் கிளம்பும் அவசரத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும், சரியான டோஸைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவார்கள்.

லேபில் குழாயையும் பாருங்கள். பச்சை மூடிக் குழாய்களில் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்ப்பதே லித்தியம் ஹெப்பாரின்தான். அதில் எடுத்தால் மருந்தே சாப்பிடாதவருக்குக்கூட லித்தியம் இருப்பதாக ரிசல்ட் வரும். லித்தியம் லெவலுக்கு என்று முன்கூட்டியே சொல்லி, சிவப்பு மூடியில் எடுக்கச் சொல்லுங்கள். ஆள் நன்றாக இருக்க, எண் மட்டும் எக்கச்சக்கமாக வந்தால் முதலில் கேட்க வேண்டியது குழாயைத்தான். ஆனாலும் டாக்டரிடம் பேசும்வரை அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள்.

நீண்டகாலப் பராமரிப்புக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும். கடும் மேனியாவில் 1.0 வரைகூட வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. பயனும் நஞ்சும் இவ்வளவு நெருக்கமாக உள்ள மருந்துகள் குறைவு.

அளவை ஏற்றிவிடுவது பெரும்பாலும் உப்பும் நீரும்தான். உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென உப்பைக் குறைப்பது, கத்திரி வெயிலில் வேலை, வாந்தி பேதி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், பிரஷருக்கான டெல்மிசார்டன், தயசைட் வகை நீர் மாத்திரைகளும் அப்படியே. தலைவலி காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும் லித்தியம் சாப்பிடுவதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

டம்ளர் பிடிக்கும்போது விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருப்பது சகஜம், அடுத்த விசிட்டில் சொன்னால் போதும். கையே உதறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், வாந்தி பேதியும் சேர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், கையில் மாத்திரை அட்டையோடு.

நிலைத்த பிறகு முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை லெவல், 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கிட்னி, கால்சியம். மருந்தை மெதுவாக வெளிவிடும் எஸ்ஆர் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் டாக்டரிடம் சொல்லி லெவலை மறுபடி பாருங்கள். நிறுத்துவதானால் டாக்டர் மேற்பார்வையில் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம்வரை படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் மேனியா திரும்பும் வாய்ப்பு அதிகம். சிறிய ஊர்க் கடைகளில் இது எப்போதும் ஸ்டாக் இருக்காது என்பதால், இரண்டு வார மாத்திரை கையிருப்பில் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவையுங்கள்.