சிறு ஜன்னலின் இந்தப் பக்கம்

என் மேசைக்கு எதிரே உள்ள சுவரில் இரண்டு கைகள் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக அதன் வழியாகச் சிறிய டப்பாக்களை வாங்கிக்கொண்டிருக்கிறேன். குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் ஆய்வகத்தில் விந்துப் பரிசோதனை செய்வது என் வேலை. வருகிறவர்களின் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கைகள்தான் தெரியும். டப்பாவைக் காகிதத்தில் சுற்றி நீட்டும் கை, கொடுத்த கணமே பின்வாங்கும் கை, கையெழுத்துப் போடச் சொன்னால் நடுங்கும் கை. சில நாட்களில் அது மனைவியின் கையாக இருக்கும். கணவர் வாசலிலேயே நின்றுவிட்டிருப்பார்.

அப்படி ஒரு நாள் வந்த பெண், பழைய சிகிச்சை விவரங்களைக் கேட்டதும் தன் மருத்துவக் கோப்பு முழுவதையும் ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டார். அது தலையணைக் கனத்துக்கு இருந்தது. நான்கு ஆண்டுகளின் கோப்பு. தைராய்டு, புரோலாக்டின், மாதாமாதம் ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, வயிற்றில் துளையிட்டுச் செய்த லேப்ராஸ்கோப்பி, கருமுட்டை வளர மாத்திரை, பிறகு ஊசி. அத்தனை பக்கங்களில் கணவரைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. "இவருக்கு இதுதான் முதல் பரிசோதனையா?" என்று கேட்டேன். "அவருக்கு ஒன்றும் இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள், மேடம்" என்றார்.

அன்று நுண்ணோக்கியில் நான் எண்ணியது மில்லிலிட்டருக்கு இருபது லட்சம் விந்தணுக்கள். மிகக் குறைவு. மறுபடி எண்ணினேன், அதேதான். டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே அவருக்கு வெரிகோசீல் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். விரைப்பைக்குள் இருக்கும் சிரைகள் புடைத்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அது உண்டு. குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் அதைவிட அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதங்களில் அவருடைய எண்ணிக்கை கூடியது. அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு முடிவு பெரும்பாலும் தெரிய வருவதில்லை. ஆனால் அந்தக் கோப்பின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் உடல் நான்கு ஆண்டுகள் தாங்கிய பிறகு செய்த இந்தச் சோதனைக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒரு டப்பாவும் இரண்டு மணி நேரமும் போதும்.

கருத்தரிக்கத் தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். முதல் நாளிலேயே இருவரையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பாதுகாப்புச் சாதனம் எதுவுமின்றி ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவருமாக வர வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். 40 கடந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும், ஆணுக்கு விரை இறங்காமல் இருந்து சிறுவயதில் அறுவை சிகிச்சை நடந்தவர்களும், புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களும் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் முன்கூட்டியே வந்துவிடலாம். இவை எழுதி வைத்த விதிகள். நடப்பில் முதலில் வருவது மனைவி, கடைசியில் வருவது டப்பா. 'மலடி' என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவர் நம் மொழியில் யாரும் இருக்க முடியாது. 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது. அதை யாராவது யாரையாவது பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரையும் அப்படி அழைக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. பழி எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி.

வேலை கற்றுக்கொடுத்த மூத்த தொழில்நுட்பரை நான் அக்கா என்றே அழைப்பேன். முதல் வாரம் முழுவதும் என்னை எண்ண விடவில்லை. பார்க்க மட்டும் சொன்னார். மாதிரி வந்ததும் 37 டிகிரி வெப்பத்தில் வைப்போம். முதலில் கூழ்போல இருப்பது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் நீர்த்துவிடும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கண்ணை இறக்கினால், ஒரு கூட்டமே ஓடிக்கொண்டிருக்கும். 1677-இல் டச்சு ஆராய்ச்சியாளர் லீவன்ஹூக் தானே தேய்த்த கண்ணாடி வில்லையில் இதைத்தான் கண்டார். அவர் எவ்வளவு திகைத்திருப்பார் என்பது அந்த முதல் நாளில் எனக்குப் புரிந்தது. பிறகு எண்ணப் பழகினேன். இருநூறு விந்தணுக்களை எண்ண வேண்டும். அடுத்து, இன்னொரு துளியில் மீண்டும் இருநூறு. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. "உனக்கு இது நாலாவது டப்பா, அவனுக்கு இது ஒன்றுதான்" என்பார் அக்கா.

எண்ணுவதைவிட, எண்ணியதைச் சொல்வதுதான் கடினம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் குறிப்பு எல்லைகள் அச்சிடப்பட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் 2021-இல் வந்த ஆறாம் பதிப்பின்படி, மில்லிலிட்டருக்கு ஒரு கோடியே அறுபது லட்சம். முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம். இந்த எண்கள் எப்படி வந்தன என்பதை யாரும் நோயாளிகளிடம் சொல்வதில்லை. முயன்ற ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எண்ணிக்கைப்படி வரிசையில் நிறுத்தினால், கடைசி ஐந்து சதவீதம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் அந்த எல்லை. அதற்குக் கீழே இருந்தவர்களும் தந்தையானவர்கள்தான். மேலே இருப்பதால் மட்டும் கரு உறுதியாகிவிடாது. ஒருவர் தன் ரிப்போர்ட்டில் 'சரியான வடிவம் 5 சதவீதம்' என்று படித்துவிட்டு, தன்னில் 95 சதவீதம் பழுதாகிவிட்டதாக எண்ணி இரண்டு இரவுகள் தூங்காமல் வந்து நின்றார். அவருடையது இயல்பான ரிப்போர்ட்.

எனக்கே நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ரிப்போர்ட் வாங்க வந்த இளைஞர், "குறைவா, மேடம்?" என்று கேட்டார். "ஆமாம், ரொம்பக் குறைவு" என்று சொல்லிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தேன். அவர் டாக்டரைப் பார்க்காமலே போய்விட்டார். எட்டு மாதம் கழித்து மனைவி தனியாக வந்தார். தனக்காக மனைவி தன் வாழ்க்கையை வீணாக்க வேண்டாம் என்று கணவர் சொல்லிக்கொண்டிருப்பதாகவும், வேறு திருமணம் செய்துகொள்ளச் சொல்வதாகவும் அழுதார். விசாரித்தபோது, அந்தப் பரிசோதனைக்கு ஆறு வாரம் முன்னால் கணவருக்கு டைபாய்டு வந்து நாள்கணக்கில் கடும் காய்ச்சல் அடித்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் உண்டு. உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்த சூட்டில்தான் விந்தணு நன்றாக உருவாகும். காய்ச்சல் அந்த வேலையைக் குலைத்துவிடும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. வெளியேறத் தயாராவதற்கு மேலும் சில நாட்கள். ஆகவே இன்றைக்கு டப்பாவில் இருப்பது மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கணக்கு. கெட்ட ரிப்போர்ட் வந்தால் இடைவெளி விட்டு மறுபடி பரிசோதிக்காமல் யாரையும் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்பது அதனால்தான். புகையை நிறுத்தியவர், குடியைக் குறைத்தவர், எடையைக் குறைத்தவர் எல்லோரும் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும் என்பதும் அதனால்தான். அந்த இளைஞரின் அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை நான்கு கோடி. அந்தத் தாளைக் கொடுக்கும்போது என் கைதான் நடுங்கியது.

அன்று மாலையே ஒரு கேள்வித்தாள் எழுதினேன். கடந்த மூன்று மாதங்களில் காய்ச்சல் வந்ததா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாளாகிறது? இரண்டுக்குக் குறையாமல் ஏழுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். மாதிரி முழுவதும் டப்பாவில் விழுந்ததா, சிந்திவிட்டதா? இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. முதலில் வெளிவரும் துளிகளில்தான் விந்தணுக்கள் அடர்த்தியாக இருக்கும். அது தரையில் சிந்தி, மீதம் மட்டும் டப்பாவில் விழுந்தால் எண்ணிக்கை பொய்யாகத்தான் வரும். கூச்சத்தால் யாரும் சொல்வதில்லை. தாளில் டிக் செய்ய இடம் கொடுத்தால் செய்துவிடுகிறார்கள்.

எங்கள் மையத்தில் ஆலோசனை சொல்லும் செவிலியருக்கும் எனக்கும் மதிய உணவு நேரத்தில் பேச்செல்லாம் இதுதான். அவர் அறையில் வேறு வகைத் தவறுகள் வந்து சேரும். "பதினான்காம் நாள்" என்பது அவற்றில் முதன்மையானது. கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்குப் பதினான்காம் நாள் பொருந்தலாம். 35 நாள் சுழற்சிக்காரருக்கு அது 21-ஆம் நாளை ஒட்டி வரும். இரண்டு வருடம் தவறாமல் பதினான்காம் நாளுக்காகவே காத்திருந்த தம்பதியரை அவர் பார்த்திருக்கிறார். வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணுவோ ஐந்து நாள்வரை கருப்பையிலும் கருக்குழாயிலும் உயிரோடு காத்திருக்கும். ஆகவே முட்டை வருவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். நாள் குறித்துக்கொண்டு தவிப்பதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும் என்று சொல்லி அனுப்புவார். குறித்த நாளில் கட்டாயம் என்றானதும் தாம்பத்தியமே பாரமாகிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

அவருக்கு இன்னொரு ஆதங்கம் ஃபோலிக் அமில மாத்திரை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடும். அப்போது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலர் அப்போதுதான் சந்தேகப்படவே தொடங்குவார்கள். அதற்குப் பிறகு மாத்திரை தொடங்கினால் அந்தக் குழாயைப் பொறுத்தவரை நேரம் கடந்துவிட்டது. முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் டாக்டர் அதிக அளவு தருவார். ஒருபோதும் வலிப்பு மாத்திரையையோ தைராய்டு மாத்திரையையோ கருவுக்குப் பயந்து தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் முன்கூட்டியே டாக்டர்தான் மாற்ற வேண்டும். ருபெல்லா தடுப்பூசி போட்டுக்கொண்டால் ஒரு மாதம் கருவைத் தள்ளிப்போட வேண்டும். இவை எல்லாமே கருவுக்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு. வருகிறவர்களோ பெரும்பாலும் பின்னால்தான் வருகிறார்கள்.

வயதைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம் எஞ்சும். புதிதாகச் சேர்வதில்லை. 35-க்குப் பிறகு எண்ணிக்கையோடு தரமும் வேகமாக இறங்குகிறது. இதை மறைத்துப் பேசுவது யாருக்கும் நன்மையில்லை. ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை எஞ்சியிருக்கும் எண்ணிக்கையைக் கோடிகாட்டுமே தவிர, தரத்தைச் சொல்லாது. இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்பதையும் சொல்லாது. அந்த ஒரு எண்ணைக் காட்டி இளம்பெண்களை அச்சுறுத்துவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆணுக்கு வயதே கணக்கில்லை என்பதும் பொய். விந்தணு தினமும் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் வயது ஏற ஏற அதன் ஓட்டமும் மரபணுத் தரமும் மெல்லக் குறைகின்றன.

சென்ற ஆண்டு வந்த ஒருவரின் கையை மறக்க முடியாது. தடித்த மணிக்கட்டு, நரம்புகள் புடைத்த முன்கை. தகட்டில் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. மாதிரியைச் சுழற்றி அடியில் படிந்ததையும் பார்த்தேன், ஒன்று கூட இல்லை. கேள்வித்தாளில் மருந்து என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே போய், மெதுவாக, உடற்பயிற்சிக்காக ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறாரா என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். "அது ஆண்மைக்கான மருந்துதானே? அதனால்தான் எழுதவில்லை" என்றார். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ரத்தத்தில் நிறைந்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டு விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். உத்தரவு நின்றால் உற்பத்தியும் நிற்கும். விரைகளே சுருங்கும். அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் ஊசியை நிறுத்தச் சொல்லி மருந்து தொடங்கினார். திரும்பிவரப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் என்று சொல்லித்தான் அனுப்பினார். மூன்றாம் மாதம் வந்தார், பூஜ்யம். ஆறாம் மாதமும் பூஜ்யம். அந்த முறை ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி, "அடுத்தது எப்போது?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பதாம் மாதம். தகட்டில் முதலில் எதுவும் தெரியவில்லை. மாதிரியைச் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்துவைத்து ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான்காம் வரிசையில் ஏதோ அசைந்தது. தூசியாக இருக்கலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வால் இருந்தது. அக்கா ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் இருந்தது; அடுத்த அறையில் இருந்தவரைக் கூப்பிட்டேன். வந்து குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை.

"இங்கே மூன்று" என்றார். "ஒன்று நீந்துகிறது. எழுதிக்கொள்."