கூட்டுக்குள் போக மறுத்த கோழி

கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆடு, மாடு கொண்டுவந்தவர்கள் எல்லோரும் போகட்டும் என்று வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்பார்கள். ஒரு கோழிக்காக டாக்டரைத் தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோர ஊர்களில் வேலை பார்த்த எனக்கு அந்தக் கூச்சம் எப்போதும் வருத்தமாகத்தான் இருந்தது. கடல் கொந்தளித்துப் படகு இறங்காத வாரங்களில் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் காசு கொடுப்பது அந்தக் கோழிகள்தான். வீட்டில் அந்தப் பெண் யாரிடமும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்கக்கூடிய ஒரே பணமும் அதுதான்.

"இளைச்சுப் போச்சு சார், றெக்கையும் கொட்டுது. ஒரு ஊசி போட்டு விடுங்க." இப்படித்தான் கேட்பார்கள். ஆனால் இளைப்புக்கான காரணம் வேறாக இருக்கும், இறகு கொட்டுவதற்கான காரணம் வேறாக இருக்கும். இரண்டும் ஒன்றாக வருகிறதா, தனித்தனியா என்று பிரித்துப் பார்க்காமல் ஊசியைத் தொடக்கூடாது.

முதலில் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பேன். இறகு மூடியிருப்பதால் கோழியின் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. புசுபுசுவென்று இருக்கிற கோழி கையில் எடுத்தால் காற்றாக இருக்கும். நெஞ்சின் நடுவெலும்பை விரலால் தடவினால், நல்ல கோழிக்கு இரண்டு பக்கமும் சதை திரண்டு எலும்பின் விளிம்பு மட்டும் தட்டுப்படும். இளைத்த கோழிக்குச் சதை வற்றி எலும்பு கூர்ந்து விரலைக் குத்தும். இதைக் கற்றுக்கொடுத்தால் எந்த வீட்டுப் பெண்ணும் ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொள்கிறார்.

அடுத்தது, இறகு எங்கே போயிருக்கிறது என்பது. வளர்ந்த கோழி வருஷத்துக்கு ஒருமுறை பழைய இறகைக் கழற்றிப் புதிதாகப் போடும். தலை, கழுத்து என்று தொடங்கி உடம்பு, சிறகு, வால் என்று வரிசையாகக் கொட்டும். உதிர்ந்த இடத்தில் முள்முள்ளாகப் புது இறகு முளைத்திருந்தால் அது நோயில்லை. அந்தச் சமயத்தில் முட்டையும் நின்றுவிடும், அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. முதுகும் பிடரியும் மட்டும் வழுக்கையாக இருந்தால் சேவல் மிதித்தது. ஒரு சேவலுக்குப் பெட்டைகள் குறைவாக இருக்கும் வீடுகளில் இது சகஜம். நெஞ்சு மட்டும் வெறுமையாக இருந்தால் அது அடைக்கோழியா என்று கேட்பேன். 21 நாள் முட்டைமேல் உட்காரும் கோழி இரைக்கென்று எழுந்திருப்பதே அபூர்வம், மெலியத்தான் செய்யும். ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஈர் அப்பியிருந்தால் பேன். பேன் முழு வாழ்க்கையையும் கோழி மேலேயே கழிக்கிறது. மருந்துக்கு ஈர் சாகாது என்பதால், பத்து நாள் விட்டு மறுபடியும் போட்டால்தான் அடங்கும்.

தீவனத்தையும் விசாரிப்பேன். இறகில் பெரும்பகுதி, 85 சதவீதத்துக்கும் மேல், புரதம். எங்கள் பக்கத்துக் கோழிகள் புரதத்துக்குக் கஷ்டப்படுவதில்லை. மீன் குடலும் செதிலும் கரையில் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது அந்த வரத்தும் சுருங்கிவிடுகிறது. அப்போது கோழிக்குக் கருவாட்டுக் கழிவைப் போடுகிறார்கள். அதில் உள்ள உப்பு கோழிக்கு ஆகாது. தண்ணீராகக் கழியும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், குடிக்கிற கிணற்று நீரும் பல இடங்களில் உப்பு. கருவாட்டைக் கழுவி ஊறவைத்துப் போடச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஓர் ஆத்தா கொண்டுவந்த கோழிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை. சிவப்பும் கருப்பும் கலந்த, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்துப் பெட்டை. நெஞ்செலும்பு விரலைக் குத்தியது. கொண்டை வெளுத்திருந்தது. சிறகுக்கு அடியிலும் தொடை மடிப்பிலும் இறகு போய், தோலில் சிறுசிறு செந்நீலத் தழும்புகள். பேன் இல்லை, ஈர் இல்லை. எச்சத்தை உப்புக் கரைசலில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தேன், புழு முட்டை தென்படவில்லை. மெடிக்கலில் வாங்கிய குடற்புழு மருந்தை ஆத்தா ஏற்கனவே கொடுத்திருந்தார். இரைப்பை நிறைய இரை இருந்தது. தின்கிறது, ஆனால் தின்றது உடம்பில் ஒட்டவில்லை.

"பகல்ல நல்லாத்தேன் மேயுது தம்பி. பொழுது சாஞ்சா கூட்டுக்குள்ள போகமாட்டேங்குது. அடிச்சு விரட்டித்தேன் அடைக்கணும். ரெண்டு கோழி எகிறிப் போயி முருங்கைல ஏறிக்கிருது."

"முருங்கைல ஏறுற ரெண்டும் எப்படி இருக்கு ஆத்தா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக ரெண்டும் கொழுகொழுன்னுதேன் இருக்கு."

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடு பழைய வத்தையின், அதாவது நாட்டுப் படகின், பலகையில் அடித்தது. ஆத்தாவின் வீட்டுக்காரர் காலத்து வத்தை, உடைத்தபோது பலகையை வீணாக்காமல் கோழிக்குக் கூடாக்கியிருந்தார்கள். உப்பும் வெயிலும் பட்டு, பலகைக்குப் பலகை இடுக்கு விட்டிருந்தது. கோழிகள் உட்காரும் கட்டைக்குக் கீழே டார்ச்சை அடித்தேன். இடுக்குகளிலிருந்து வரிசையாக இறங்கிக் கோழியின் காலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன கோழி உண்ணிகள். பசியோடு இருந்தவை காய்ந்த துவரைத் தோலைப் போலத் தட்டையாக, பழுப்பாக இருந்தன. குடித்து முடித்துத் திரும்பியவை உப்பி நீலம் பாரித்திருந்தன. ஒன்றை நசுக்கியபோது விரல் நுனியெல்லாம் ரத்தம். ஆத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "இம்புட்டு ரத்தத்தையா குடிக்கிறானுக" என்றார்.

இந்த உண்ணி மாட்டு உண்ணி மாதிரி நாள் கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ராத்திரி வந்து அரைமணி நேரத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டு இடுக்குக்குப் போய்விடும். குஞ்சு உண்ணி மட்டும்தான் சில நாள் சிறகடியில் கடித்துக்கொண்டிருக்கும். அது விழுந்த இடம்தான் நான் பார்த்த தழும்பு. பகலில் மருந்தகத்துக்கு வருகிற கோழியிடம் குற்றவாளி பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் ஊசிக்கு ஊசி போட்டும் தேறாத கோழிகள் இத்தனை. ரத்தத்தை உறிஞ்சுவதோடு ஸ்பைரோகீட்டா என்ற கிருமியையும் பரப்புகிறது. அது வந்தால் காய்ச்சல், பச்சைக் கழிச்சல், பிறகு சாவு. பென்சிலினுக்குக் கட்டுப்படும் நோய்தான், ஆனால் பல வீடுகளில் அதை வெக்கைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள். பிப்ரவரியில் முகாம் வைத்துப் போடும் கழிச்சல் தடுப்பூசி இதற்குக் காவல் ஆகாது.

கோழிகளுக்கு உரிய அளவில் கலந்த மருந்தைத் தெளித்தோம், தலையும் கண்ணும் நனையாமல். மாட்டுக்குத் தெளிக்கிற உண்ணி மருந்தை அப்படியே எடுத்துக் கோழி மேல் ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உண்ணிக்கு முன்னால் கோழி சாகும். வசம்பு, பூண்டு, வேப்பிலை, துளசி, மஞ்சள், உண்ணிச்செடி இலை அரைத்த கரைசலும் பேனுக்கும் செள்ளுக்கும் நன்றாகவே கேட்கிறது. ஆனால் அந்தப் பலகை இடுக்குக்குள் எந்தக் கரைசலும் போகாது.

"பலகையைக் கொளுத்தணும் ஆத்தா" என்று சொல்ல எனக்கே மனசில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. "அவுக கடலுக்குப் போன பலகை" என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு, கோழிகளைப் பனையோலைப் பஞ்சாரத்துக்குள் மாற்றச் சொன்னார். மறுநாள் காலையில் மணலில் வைத்துத் தீ மூட்டினார்கள். சூடு ஏற ஏற இடுக்குகளில் படபடவென்று வெடித்தது. கூடு இருந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்தி, சுண்ணாம்பு தூவி, ஹாலோபிளாக் கல்லில் இடுக்கில்லாமல் பூசிப் புதுக்கூடு கட்டினார் மகன். பஞ்சாரத்தைத் தினம் வெயிலில் கவிழ்த்துப் போடச் சொன்னேன். அடுப்புச் சாம்பலை மணலோடு கலந்து புழுதிக் குளியலுக்கு ஒரு மூலையில் கொட்டினார்கள். கொஞ்ச வாரத்தில் கொண்டை சிவந்தது, நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை கூடியது. சிறகடியில் முள்ளிறகு வந்தது.

புதுக்கூடு பூச்சு காய்வதற்குள் அடுத்த வீட்டுக்காரர் தன்னுடைய பழைய கூட்டைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் வத்தைப் பலகைதான். "ஒரு வருசமா கோழியே கிடையாது சார், சும்மா கெடக்கு. அதுல எப்படிப் பூச்சி இருக்கும்?" என்றார். இந்த உண்ணி ரத்தமே இல்லாமல் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. கடப்பாரையை வாங்கி ஒரு பலகையை நெம்பிக் காட்டினேன். தட்டையாக ஒட்டிக்கிடந்தவை வெளிச்சம் பட்டதும் நகரத் தொடங்கின. அந்தக் கூட்டையும் அன்றைக்கே பிரித்துப் போட்டோம்.