எலும்பு இருக்கு, லத்தி எங்கே?

கொழும்புக் கோட்டையில் 138 பஸ் ஏறி கறுவாத்தோட்டப் பக்கம் இறங்கினால் தேசிய நூதனசாலை. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குப் பின்னால் இயற்கை வரலாற்று நூதனசாலை. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனும் மாணிக்கச் சரளை அள்ளும்போது அகப்பட்ட எலும்பையும் பல்லையும் வைத்துத்தான், நீர்யானையும் காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இந்தத் தீவில் மேய்ந்ததை நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த பி.இ.பி. தெரணியகல எழுதினார். அவை போட்ட லத்தி எங்கே?

மழையும் வண்டும் பூஞ்சணமும் முடித்துவிட்டன. இறைச்சி தின்னும் மிருகத்தின் மலத்தில் எலும்புத் தூளின் கல்சியம் பொசுபேற்று உண்டு. அதுவே சீமெந்துபோல் இறுக்கிக் கல்லாக்கும். புல் தின்னியிடம் நார்தான். ஆகவே அதன் எச்சம் தப்புவது பெரும்பாலும் வறண்ட குகைகளில். அரிசோனாவின் ரம்பார்ட் குகையில் தரைத் தேவாங்கின் (நம்மூர்த் தேவாங்கல்ல; ground sloth எனும் அழிந்துபோன பெரிய விலங்கு) சாணம் பல்லாயிரம் ஆண்டு அப்படியே காய்ந்து கிடந்தது. அவ்வளவு காய்ந்திருந்ததால், 1976இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்தும் போனது.

கல்லான லத்தி தேடுவோரைக் கொழும்புச் சுற்றுவட்டாரத்தில் ஏமாற்றுவது கபுக் கல் எனும் இரும்பு கலந்த செந்நிறக் கல். அதிலிருந்து உதிரும் இரும்புக் குறுணி, பார்வைக்கு அச்சொட்டாக முயல் புழுக்கை. ரைல்ஸின் மினுக்கமில்லாத பின்புறத்தில் தேய்த்துப் பாருங்கள்: மஞ்சட் கபிலமோ செங்கபிலமோ கோடு விழுந்தால் இரும்பு, எறிந்துவிடலாம். ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத் துளிக்கு நுரைத்தால் சுண்ணாம்பு. இரண்டும் இல்லையென்றால் உடைத்து, பத்து மடங்கு கைவில்லையில் நார் தேடுங்கள். முயலின் நார் குறுகல், முனை வெட்டினாற்போல் இருக்கும். யானையினது நீளம், நசுங்கிப் பிரிந்திருக்கும். யானை தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் யானை லத்திக் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்தால் அந்த நாரைக் காணலாம். கண்ணைப் பழக்க அதைவிட மலிவான பாடம் இல்லை.

காய்ந்த லத்தித் துண்டொன்று கையில் இருந்தால், எது போட்டது, எதைத் தின்றது என்று பார்க்க (கல்லானதற்கு இது சரிவராது) முதலில் வெளித்தோலைச் சுரண்டி நீக்குங்கள்; பிற்காலத்து மகரந்தம் ஒட்டியிருப்பது அதில்தான். பாதியைத் தொடாமல் எடுத்து வையுங்கள். ஒரு லீற்றர் வடித்த நீரில் காய்ந்ததை இளக்கும் உப்பான திரைசோடியம் பொசுபேற்று 5 கிராம் கரைத்து, 72 மணித்தியாலம் மூடி ஊறவிட வேண்டும். நீர் வெளிறிய மஞ்சளாகவோ இளங்கபிலமாகவோ மாறினால் தாவர உண்ணி என்று எண்ண இடமுண்டு. கறுத்தால் மனித எச்சமோ என்று சந்தேகிக்கலாம். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாற்றமும் சில வேளை திரும்பி வரும்!

பிறகு 250 மைக்ரோன் (கால் மில்லிமீற்றர்) கண்ணுள்ள அரிதட்டில், குழாயைத் திருகி அடிக்காமல், மெல்ல ஊற்றி அலசுங்கள். அவசரத்தில் குலுக்கினால் இலைத்தோல் துண்டுகள் கிழிந்து, எந்தச் செடி என்றே அடையாளம் தெரியாமல் போகும். கொழும்பின் ஈரத்தில் அலசிய நாரை மேசையில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போத்தலில் அடையுங்கள்.