பூங்கா வாசலில் ஒரு கோலம்

நான் முதலில் வடிவமைத்த பூங்காவுக்கு இப்போதும் மனசு கேட்காமல் அவ்வப்போது போய் வருகிறேன். ஆறடி கிரில், கிரானைட் பெஞ்சு, தரை முழுக்க பேவர் பிளாக். ஆனால் அந்தத் தெருக்காரர்களுக்கு அது 'கவர்மெண்ட் பார்க்'. குழாய் உடைந்து ஒரு வாரம் தண்ணீர் ஓடியும் யாரும் போய் அடைக்கவில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை. வரையும்போது நான் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். என்னுடைய அடுத்த வேலை அப்படி வந்த ஒரு இடம். இந்த முறை பிளான் போடுமுன் இரண்டு வாரம், தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்றேன். மூலைக்கு மூலை ஒரு ஒற்றையடிப்பாதை ஓடியது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நடந்து நடந்து போட்டது. வேப்பமரத்தடியில் பெண்கள் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, பாதை இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டேன். கிரில்லுக்குப் பதில் ஒன்றரை அடி உயரத்தில் அகலமான சுவர், திண்ணை மாதிரி. தெருவைப் பார்த்தும் உட்காரலாம், மரத்தைப் பார்த்தும் உட்காரலாம்.

நியூயார்க்கின் பொது இடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் ஒன்றைக் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், ஆட்கள் அதைக் கொஞ்சமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அந்த 'கொஞ்சம்' நம் ஆட்களுக்கும் வேண்டும் என்று ஒரு மூலையை வெறும் மண்ணாக விட்டேன். அடுத்த மழைக்குள் அங்கே செம்பருத்தியும் கறிவேப்பிலையும் வந்துவிட்டன. 'செடிகளைத் தொடாதீர்கள்' பலகை வைக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை இந்த இரண்டாவது பூங்காவுக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு அம்மா தன் வாசல் கோலத்தை முடித்துவிட்டு, வாளியோடு தெருவைக் கடந்து வந்து பூங்கா வாசலில் தண்ணீர் தெளித்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்தார். பேவர் பிளாக் இடுக்குகளில் மாவு இறங்கி, வரிசை விலகிக்கொண்டே போனது.

"இந்தக் கல்லுல மட்டும் இழை நேரா வர மாட்டேங்குது தம்பி" என்றார்.

அப்புறம் போட்ட பிளான் எல்லாவற்றிலும் வாசலுக்கு முன்னால் ஆறுக்கு ஆறு அடி வழவழப்பான சிமெண்ட் தளம் விடுகிறேன். எதற்கு சார் என்று சைட் இன்ஜினீயர் கேட்பார். கோலத்துக்கு என்பேன்.