சில நேரம் மட்டும் தவறிய கர்சர்

நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் வந்த பக், அதாவது நிரல் பிழை, இது. கர்சர் ஓரிடத்தில் மின்னும், தட்டினால் எழுத்து வேறிடத்தில் விழும். எப்போதும் அல்ல. ஒரே கோப்பு, ஒரே வரி; இப்போது தவறும், எடிட்டரை மூடித் திறந்தால் சரியாக இருக்கும். சிலர் எழுத்து கர்சருக்கு இடப்பக்கம் விழுகிறது என்றார்கள், சிலர் வலப்பக்கம் என்றார்கள். எல்லாப் புகாரின் கடைசியிலும் "மறுபடி செய்து பார்த்தேன், வரவில்லை" என்று ஒரு வரி. அந்த வரியாலேயே பல புகார்கள் கிடப்பில் போயிருந்தன. எனக்கு அது பொறுக்கவில்லை. கர்சர் இருக்கும் இடத்தை நம்ப முடியாவிட்டால் அந்த எடிட்டரில் ஒருவர் எப்படி நிம்மதியாக எழுதுவார்?

சில நேரம் மட்டும் வரும் பக் என்றாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது நேரப் போட்டி: இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவது. எங்கள் எடிட்டரில் வரிகளை அளந்து அடுக்கும் வேலை தனி திரெட்டில், அதாவது மற்ற வேலைகளோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி இழையில், நடக்கிறது. அது முடிவதற்குள் கர்சரை வரைந்துவிட்டால் பழைய அளவு காட்டக்கூடும். இதைச் சோதிக்க லாக், அதாவது நடப்பதை வரிவரியாகக் குறித்து வைக்கும் பதிவு, போட வேண்டும். ஆனால் ஒவ்வொரு லாக் வரியையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதினால் நேரமே மாறிப்போய், தேடுகிற பக் ஒளிந்துகொள்ளும். அதனால் நினைவகத்திலேயே ஒரு நிலையான அளவு இடம் ஒதுக்கி, நிரம்பியதும் பழையதன் மேல் எழுதும்படி வைத்தேன். அப்புறம் அந்தத் திரெட்டில் வேண்டுமென்றே தாறுமாறான தாமதங்களைச் சேர்த்தேன். நேரப் போட்டிதான் காரணம் என்றால் தவறு அடிக்கடி வர வேண்டும், அல்லது குறைய வேண்டும். எதுவும் மாறவில்லை. நேரப் போட்டி இல்லை என்பதற்கு இது முழு ஆதாரம் ஆகாதுதான். ஆனாலும் வேறு பக்கம் திரும்ப அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கிட் என்பது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட் என்ற பெயரில் சேமித்து வைக்கும் கருவி. பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் அதன் பைசெக்ட் கட்டளை இங்கே உதவவில்லை. ஆயிரம் கமிட்டுகளுக்குள் ஒளிந்த பிழையைப் பத்து சோதனையில் பிடித்துவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் "இது நல்லது, இது கெட்டது" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான். ஐந்தில் ஒரு முறை தலைகாட்டும் பிழை என்று வையுங்கள். ஒரு கமிட் நல்லது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உறுதியோடு சொல்ல, அதை ஏறக்குறைய இருபது முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தவறாக "நல்லது" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின் தேடல் முழுவதும் தப்பான பாதியில்தான் நடக்கும்.

வழியைத் திறந்தது ஒரு பயனர் எழுதிய சின்ன விவரம். "தொடர்" என்ற சொல்லில் ட-வுக்கு அடுத்துக் கர்சர் நின்றதாம். பேக்ஸ்பேஸ் அழுத்தினாராம். ட போகவில்லை, சொல் "தெடர்" ஆகிவிட்டதாம்.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் தொ இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, த-வும் அதன்பின் ஒரே குறியாக ொ-வும்: எண்கள் 2980, 3018. மற்றொன்று, த, ெ, ா என்று மூன்றாக: 2980, 3014, 3006. திரையில் இரண்டும் ஒன்றுதான், யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் எண்ணிக்கை வேறு. முதல் விதமான சேர்ந்த வடிவத்தில் "தொடர்" ஐந்து குறிகள், இரண்டாவதான பிரித்த வடிவத்தில் ஆறு. பேக்ஸ்பேஸுக்குத் தொ, தெ ஆனது என்றால் கடைசியில் நின்ற ா மட்டும் அழிந்திருக்கிறது. அவர் கோப்பில் இருந்தது பிரித்த வடிவம். கர்சரும் உண்மையில் தொ-வுக்கு அடுத்துத்தான் நின்றது. திரை மட்டும் அதை ஓர் எழுத்து தள்ளிக் காட்டியிருக்கிறது.

அது ஏன் எப்போதும் நடக்கவில்லை? அதற்கான விடை கேஷில், அதாவது ஒருமுறை கணக்கிட்டதை மறுபடி பயன்படுத்தச் சேமிக்கும் இடத்தில், இருந்தது. ஒரு சொல்லை ஒருமுறை அளந்தால், ஒவ்வொரு குறிக்கும் கர்சர் எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியலைச் சேமித்து வைப்போம். நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணத்தில், யாரோ ஒருவர் எப்போதோ, தேடும் சொல்லை முதலில் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டுக் கேஷில் பார்க்கும்படி எழுதியிருந்தார். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் சொற்களுக்கு ஒரே பட்டியல் போதுமே என்ற கணக்கு. வரைவதற்குப் போதும்தான். கர்சருக்குப் போதாது. ஐந்து குறிச் சொல்லின் பட்டியலில் ஆறு குறிச் சொல்லின் மூன்றாவது இடத்தைக் கேட்டால், தொ-வுக்குப் பின் என்று வர வேண்டியது ட-வுக்குப் பின் என்று வரும்.

எந்த வடிவம் முதலில் திரைக்கு வந்ததோ அதன் பட்டியல்தான் கேஷில் இருக்கும். சேர்ந்த வடிவம் முந்தினால் பிரித்த சொல்லில் கர்சர் வலப்பக்கம் தள்ளும். பிரித்தது முந்தினால் சேர்ந்த சொல்லில் இடப்பக்கம் தள்ளும். முரணாக இருந்த புகார்கள் எல்லாமே சரியான புகார்கள்! மூடித் திறந்தால் கேஷ் காலி. நிறைய உருட்டினால் பழைய சொற்கள் கேஷிலிருந்து வெளியேறிவிடும். அவர்கள் அனுப்பிய கோப்புகளை எங்கள் கணினியில் திறந்தபோது ஒன்றும் நடக்காததற்கும் இதுதான் காரணம்: மற்ற வடிவம் அவர்கள் திறந்து வைத்திருந்த வேறொரு கோப்பில் இருந்தது.

பிரித்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்றால், பல வழிகள். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து ஒரு பட்டியலை நகலெடுத்து ஒட்டினால் போதும். தமிழில் இப்படிப் பிரிபவை ொ, ோ, ௌ, ஔ ஆகிய நான்கு. மேலே குறி போட்ட லத்தீன் எழுத்துகளிலும் கொரிய எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. சோதித்துப் பார்த்தேன், அங்கேயும் கர்சர் தவறியது.

சரி, இனி எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம். ஒரு தாவலில் "தொடர்" என்று தட்டச்சு, இன்னொன்றில் பிரித்த "தொடர்" ஒட்டல், அவ்வளவுதான். திருத்தமும் சிறியது: கேஷில் தேடும்போது சொல்லை மாற்றாமல், உள்ளபடியே தேடுவது. நினைவகச் செலவு கவலைப்படும்படி கூடவில்லை. கூடவே, பட்டியலின் நீளம் குறிகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இல்லாவிட்டால் சோதனைப் பதிப்பு அங்கேயே நின்றுவிடும்படி ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு வடிவிலும், இரண்டு வரிசையிலும் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் இப்போது இருக்கிறது.

சேமிக்கும்போதே எல்லாவற்றையும் சேர்ந்த வடிவமாக மாற்றிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் மறுத்தேன். பயனர் தொடாத வரிகளும் மாறியதாகக் கிட் காட்டும். பிரித்த வடிவத்தில் உள்ள கோப்புப் பெயரைத் தேடும் நிரல் அதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். வேண்டுமென்று கேட்பவருக்கு மெனுவில் ஒரு கட்டளையாக அது இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பேக்ஸ்பேஸ் பிரித்த தொ-வைத் தெ ஆக்குவதா, சேர்ந்த தொ-வில் நடப்பது போலவே த ஆக்குவதா என்பதில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரே மாதிரி தெரிவது ஒரே மாதிரி அழிய வேண்டும் என்பது என் கட்சி; அதற்கான மாற்றத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன்.