தேர்வை விடப் பேப்பர்தான் படுத்தியது: என் ஆர்.பி.எஸ்.ஜி.டி. அனுபவம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஸ்லீப் லேபில், அதாவது தூங்குகிறவரின் மூளை அலை, மூச்சு எல்லாம் பதிவு செய்யும் இடத்தில், நாலு வருஷமாக நைட் டியூட்டி பார்க்கிறேன். தூக்க ஆய்வு டெக்னாலஜிஸ்ட்டுகளுக்கான ஆர்.பி.எஸ்.ஜி.டி. சான்றிதழ்த் தேர்வைப் போன மாதம்தான் முடித்தேன். பட்ட பாட்டைச் சொன்னால், அடுத்து எழுதுகிறவர்களுக்காவது அலைச்சல் மிச்சமாகும்.

முதல் அடி அனுபவக் கடிதத்தில். தூக்க ஆய்வில் நேரடியாக வேலை பார்த்ததற்கு தேர்வை நடத்தும் அமெரிக்காவின் பி.ஆர்.பி.டி. வாரியம் சான்று கேட்கிறது. ஹெச்.ஆர். கிளார்க் ஃபைலைப் பார்த்துவிட்டு, "லேப் டெக்னீஷியன்னுதானே இருக்கு? ஸ்லீப்னு எப்படிப் போட்டுத் தர்றது?" என்றார். ரத்தப் பரிசோதனை லேபுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். நாளைக்கு வாங்க, திங்கட்கிழமை வாங்க என்றே ஒரு மாதம் போனது. ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, பத்து மணிக்கு அவர் வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் எங்கள் நுரையீரல் டாக்டரிடம் போய் நின்றேன். "என்னென்ன செய்றேன்னு எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். தலையை அளந்து 10-20 முறைப்படி எலக்ட்ரோடு ஒட்டுவது, தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே உள்ள மின்தடையை (இம்பீடன்ஸ்) 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவது, பதிவை 30 விநாடித் துண்டுகளாக (எபாக்) பிரித்து ஸ்கோர் செய்வது, மாஸ்க் வழியாகக் காற்று செலுத்தும் சிபேப் கருவியின் அழுத்தத்தை 4 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது என்று எழுதிக்கொண்டே போனேன்.

எழுதும்போது ஒரு அம்மாவின் ஞாபகம் வந்தது. எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லி போனில் சொல்லியிருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களே என்று மகள் தேங்காய் எண்ணெய் வைத்துச் சீவி, பிச்சிப்பூவும் வைத்து அனுப்பியிருந்தாள். ஜெல் போட்டு எவ்வளவு தேய்த்தும் தலையில் சி4 என்ற இடத்து எலக்ட்ரோடின் இம்பீடன்ஸ் 40 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கவில்லை. ஷாம்பு போட்டு அலசி, காயவைத்து, திரும்ப ஒட்டி முடிக்கையில் மணி பதினொன்றரை. "உனக்குத் தூக்கமே கிடையாதா தம்பி?" என்று அவர் என்னைக் கேட்டார். இதெல்லாம் எந்த டெசிக்னேஷனில் வரும்?

டாக்டர் படித்துப் பார்த்து, லெட்டர்ஹெட்டில் அடிக்கச் சொல்லி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அதனால் சொல்கிறேன்: ஹெச்.ஆரில் காத்திருக்காமல், வேலையை நேரில் பார்த்த டாக்டரிடம் முதலில் போங்கள். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். என்னுடையது ஆகியிருந்தது, மறுபடி வகுப்புக்குப் போக வேண்டி வந்தது.

அடுத்தது இனிஷியல். மார்க் ஷீட்டில் இருப்பதுபோல இனிஷியலோடு பெயரைப் பதிந்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. நைட் பஸ் பிடித்து சென்னை போய், காலை எட்டு மணிக்குத் தேர்வு மையத்தில் நின்றால், பெயர் பொருந்தவில்லை என்று உள்ளே விடவே இல்லை. ஆதார், மார்க் ஷீட் எல்லாம் காட்டிக் கெஞ்சியும் பார்த்தேன். பணமும் போய், எடுத்த லீவும் போனது. பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பெயரை அடியுங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது கட்டாயம்.

மெயில் அனுப்பிப் பெயரைத் திருத்தி, திரும்பப் பணம் கட்டி எழுதினேன். நாம் ராத்திரி செய்கிற வேலைதான் கேள்வியாக வருகிறது. படிக்கிற புத்தகங்கள் அமெரிக்காவுடையவை என்பதை மட்டும் மறக்காதீர்கள். கரண்ட் இரைச்சலுக்கு நாம் 50 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டே பழகியவர்கள், அங்கே 60. ஹைபாப்னியாவுக்கு (தூக்கத்தில் மூச்சோட்டம் குறைவது) 3 சதவீத ஆக்சிஜன் இறக்கமா, 4 சதவீதமா என்ற இரண்டு விதிகளையும் பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் அதில்தான் ரொம்ப நாள் குழம்பினேன்.

பாஸ். சான்றிதழைப் புதுப்பிக்க ஐந்து வருஷத்துக்குள் 50 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், அதற்கு இப்போதே ஒரு ஃபைல் போட்டுவிட்டேன். என் அடையாள அட்டையில் இன்னும் லேப் டெக்னீஷியன் என்றுதான் இருக்கிறது. சான்றிதழ் நகலை வைத்து, மாற்றித் தரச் சொல்லி அதே ஹெச்.ஆரில் திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறேன்.